தொலைந்தது பிரதியே, பதிவன்று

யாழ்ப்பாணத்திலே சாதகக் கொப்பி இல்லாத சைவ வீடு அரிது. பிள்ளை பிறந்த நாழிகையும் நட்சத்திரமும் பாதமும் அதில் எழுதப்பட்டு, மூலைகளில் மஞ்சள் பூசப்பட்டுச் சுவாமி அறையிலே பேணப்படும். ஆனால் அதே பிள்ளையின் பிறப்புப் பதிவின் இலக்கம் யாதென்று வினவினால், தாயுந் தந்தையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். கலியாணப் பொருத்தத்துக்கு வேண்டப்படுஞ் சாதகத்துக்கு உள்ள கவனம், வாழ்நாள் முழுவதும் வேண்டப்படும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துக்கு இல்லை.

பாடசாலை அனுமதி, தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, உத்தியோகம் ஆகிய யாவற்றுக்கும் முதலிற் கேட்கப்படுவது இப்பத்திரமே. விண்ணப்ப முடிவு நாளுக்கு முதல்நாள் அலுமாரியையும் றங்குப்பெட்டியையும் புரட்டிய பின்னரே அது காணாமற் போனது பலருக்குத் தெரியவரும். இதற்குக் குடும்பத்தாரை மாத்திரம் குறைகூறுதல் முறையன்று. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் வீடு துறந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, கையில் எடுத்தவை சில, விட்டவை பல. விட்டவற்றுள் இக்கடதாசிகளும் அடங்கின.

ஆயினும் கலங்க வேண்டுவதில்லை. வீட்டில் இருந்தது பிரதி மாத்திரமே. மூலப் பதிவு அரசாங்கப் புத்தகத்தில் உள்ளது. 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே இன்றும் இதனை ஆளுகின்றது. அத்தாட்சிப்படுத்திய பிரதியை எத்தனை முறையும் கட்டணஞ் செலுத்திப் பெறலாம்.

விரைவாகவும் மலிவாகவும் பெறுதற்கு மூன்று விடயங்களை அறிந்து செல்லுதல் வேண்டும்.

முதலாவது, பதிவாளர் பிரிவு. பெற்றோர் வசிக்கும் ஊரிலன்றிப் பிள்ளை பிறந்த இடத்திலேயே பிறப்புப் பதியப்படும். காரைநகர்த் தாய் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரியிற் பிள்ளை பெற்றிருப்பின், அப்பதிவைக் காரைநகரில் தேடுதல் வீண். இடம்பெயர்ந்த காலத்திற் கிளிநொச்சியிற் பிறந்த பிள்ளையின் பதிவும் அவ்வாறே கிளிநொச்சிக்கு உரியது.

இரண்டாவது பதிவிலக்கம், மூன்றாவது பதிவுத் திகதி. இவை தெரிந்தவரிடம் குறைந்த கட்டணமே அறவிடப்படும். தெரியாதவருக்காக அலுவலர் புத்தகங்களைத் தேடல் வேண்டுமாதலாற் கட்டணமுங் கூடும், காலமுங் கூடும். பிறந்த திகதி வேறு, பதிவுத் திகதி வேறு என்பதையும் மறத்தலாகாது. பிறப்பை 42 நாட்களுள் அறிவித்தல் வேண்டும் என்பது சட்டம். எனவே டிசெம்பரிற் பிறந்த பிள்ளையின் பதிவு மறு ஆண்டுப் புத்தகத்தில் இருத்தல் கூடும். பழைய நிழற்பிரதி ஒன்று கிடைக்குமாயின் இவ்விவரங்கள் அதிலேயே இருக்கும். முன்னர் பிள்ளையைச் சேர்த்தபோது கொடுத்த பிரதி பாடசாலைக் கோவையில் உள்ளதோ என்றும் விசாரிக்கலாம்.

பெயர் வைக்குமுன் பதிந்த பிள்ளைகளின் பத்திரத்திற் பெயர்க்கூடு வெறுமையாய் இருப்பதுண்டு. அத்தகையோர் பெற்றோர் பெயரைக் கொண்டே தேடுவித்தல் வேண்டும். பெயரைப் பின்னர் சேர்த்துக்கொள்ளவும் சட்டம் இடந்தருகின்றது.

முன்னாளிற் பிறந்த பிரிவின் அலுவலகத்துக்கே செல்ல வேண்டியிருந்தது. இப்பொழுது 1960ஆம் ஆண்டு முதலான பதிவுகளின் பிரதியை, கணினியில் ஏற்றப்பட்டிருப்பின், இலங்கையின் எந்தப் பிரதேச செயலகத்திலும் பெறலாம். கொழும்பில் வேலைபார்க்கும் பருத்தித்துறைவாசி அதற்கென வடக்கே பயணஞ் செய்ய வேண்டுவதில்லை. பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கு இணையவழியே விண்ணப்பித்துத் தபாலிற் பெறும் ஒழுங்கும் உண்டு. கணினியில் இல்லாத பதிவுக்கு மாத்திரம் பிறந்த பிரிவின் செயலகத்தை நாடுக.

அங்கும் இல்லையெனிற் கதவு அடைபட்டதென்று எண்ணற்க. பதிவுகள் இருபிரதியாகப் பேணப்படுவதால், கொழும்பிலுள்ள திணைக்களத்தின் மத்திய பதிவறையிலே தேடுவிக்கலாம். பிறப்பே பதியப்படவில்லை எனத் தெரியவரின், காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பித்தல் வேண்டும். அதுவும் இயலாவிடின் உத்தேச வயதுச் சான்றிதழ் உண்டு. இவ்விடத்திற் பாடசாலைச் சான்றும் சாதகமும் கைகொடுக்கும்.

அவசரத்தைக் கண்டு, “நான் எடுத்துத் தருகின்றேன்” என வரும் தரகர்க்குக் காசு கொடுத்தல் வேண்டாம். விண்ணப்பம் எளியது, மாணவர் தாமே நிரப்பலாம். பிரதி கைக்கு வந்ததும், கருமபீடத்தை விட்டு அகலுமுன், பெயர், திகதி, பெற்றோர் பெயர் ஆகியவற்றை எழுத்தெழுத்தாக ஒப்புநோக்குக. ஓரெழுத்துப் பிழை பிற்காலத்திற் கடவுச்சீட்டையும் உத்தியோகத்தையும் தடுத்தல் கூடும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். இன்றைக்கே சாதகக் கொப்பியை எடுத்து, அதன் கடைசிப் பக்கத்தில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பதிவாளர் பிரிவையும் பதிவிலக்கத்தையும் பதிவுத் திகதியையும் எழுதிவைப்பீர்களாக. பிற ஊரில் உள்ள ஓர் உறவினரிடமும் அதன் பிரதியைக் கொடுத்துவைத்தல் நலம். வீட்டை விட்டு ஓட நேர்ந்த மக்களுக்கு இது மிகையான முன்யோசனை அன்று.