உங்களுக்குத் தெரியுமா? மீதி நுரையீரலையும் அகற்றும் அறுவை சிகிச்சை

● வலது நுரையீரலில் 3 மடல்கள், இடதில் 2. புற்றுநோய் ஒரு மடலுக்குள் அடங்கியிருந்தால், பெரும்பாலும் அந்த மடலை மட்டுமே எடுப்பார்கள்.

● சிலருக்கு அதே பக்கத்தில் நோய் திரும்பும். அப்போது அங்கே எஞ்சியிருக்கும் மடல்களையும் முழுவதுமாக அகற்றுவது உண்டு. நோய் வேறு உறுப்புகளுக்குப் பரவியிருக்கக் கூடாது. இதயமும் மறுபக்க நுரையீரலும் அதைத் தாங்க வேண்டும்.

● முதல் அறுவையின் தழும்பு, நுரையீரலை நெஞ்சுச் சுவரோடும் பெரிய ரத்தக் குழாய்களோடும் ஒட்டவைத்திருக்கும். அதனால் இரண்டாவது அறுவை மிகக் கடினம். வலப்பக்கத்தில் ஆபத்து கூடுதல்: மூச்சுக்குழாயின் கிளையைத் தைத்து மூடிய இடம் பிரிந்துவிடக்கூடும்.

● காலியான இடம் மெல்லத் திரவத்தால் நிரம்பும். இதயம் அந்தப் பக்கமாகச் சற்று நகரும். மறுபக்க நுரையீரல் கொஞ்சம் விரிந்துகொள்ளும்.

● 1933 ஏப்ரல் 5 அன்று, அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் டாக்டர் எவார்ட்ஸ் கிரஹாம், புற்றுநோய்க்காக ஒரு நுரையீரலை முழுவதுமாக, ஒரே அறுவையில் வெற்றிகரமாக அகற்றினார். அந்த நோயாளியும் ஒரு மருத்துவர். ஒற்றை நுரையீரலோடு ஏறத்தாழ 30 ஆண்டுகள் வாழ்ந்தார்.

● 1950இல் எர்ன்ஸ்ட் வைண்டரோடு சேர்ந்து, புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை கிரஹாம் வெளியிட்டார். நெடுங்காலம் புகைபிடித்த அவரே 1957இல் அந்த நோய்க்குப் பலியானார்.

● நோய் வந்த பிறகும் புகையை விடுவது பயன் தரும். இன்றே விடுங்கள்!