தயிர் சேர்த்துக்கொள்ளலாமா?

ஆன்டிபயாட்டிக் மருந்துகளை எழுதிக் கொடுக்கும்போது நோயாளிகளும் உடன் வருவோரும் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலோருக்கு எங்கள் விடை, தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே. சிலருக்கு மட்டும் நேரத்தை மாற்றச் சொல்கிறோம். மிகச் சிலருக்கு, இப்போது வேண்டாம் என்கிறோம்.

உறைமோரில் உள்ள பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையான லாக்டோஸை உண்டு லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலம் மிகும்போது பாலின் புரதம் இறுகித் தயிராகிறது. லாக்டோஸில் ஒரு பகுதி இவ்வாறு செலவாகிவிடுகிறது. எஞ்சியதைச் செரிக்கவும் இந்த பாக்டீரியாக்களே துணைபுரிகின்றன. பால் குடித்தால் வயிறு உப்பும் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வது இதனால்தான்.

‘புரோபயாடிக்’ என்ற சொல்லையோ அளந்தே பயன்படுத்த வேண்டும். போதிய அளவில் உட்கொள்ளும்போது உடல்நலத்துக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிரிகளையே அது குறிக்கும். வீட்டுத் தயிரில் எந்த வகை நுண்ணுயிரிகள், எத்தனை உள்ளன என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆன்டிபயாட்டிக்கால் வரும் வயிற்றுப்போக்கைக் குறைக்கச் சில குறிப்பிட்ட வகைகள் உதவுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த முடிவைத் தயிர்ச்சாதத்துக்கு அப்படியே பொருத்த இயலாது. வயிற்றுப்போக்கின்போது முதலில் தேவைப்படுவது ஓ.ஆர்.எஸ். கரைசலே. தயிர் அதற்கு மாற்றன்று.

நோயாளிக்கென உறை ஊற்றும்போது தூய்மையே முதன்மையானது. பாலை நன்கு பொங்கக் காய்ச்சி, இளஞ்சூட்டுக்கு ஆறவிட வேண்டும். சூட்டை அறிய விரலைப் பாலில் விடாதீர்கள். சுத்தமான கரண்டியால் ஒரு சொட்டு எடுத்து மணிக்கட்டில் விட்டுப் பார்த்தால் போதும். அரை லிட்டர் பாலுக்கு ஒரு தேக்கரண்டி புதிய தயிர் சேர்த்துக் கலக்கி, மூடி, அசைக்காமல் வையுங்கள். வெயில் காலத்தில் ஆறு மணி நேரத்திலேயே உறைந்துவிடும். மார்கழிக் குளிரில் பத்து, பன்னிரண்டு மணி நேரமும் ஆகலாம். உறைந்ததும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து இரண்டு நாள்களுக்குள் உண்டுவிடுவது நல்லது. மறுநாளைக்கான உறையைச் சாப்பாட்டுக்கு முன்பே தனியே எடுத்து வைத்துவிடுங்கள்; எச்சில் கரண்டி படக் கூடாது. உறைமோர் இல்லாதபோது மிளகாய்க் காம்பைப் பாலில் இடும் வழக்கம் உண்டு. அதில் எந்த நுண்ணுயிரி வளரும் என்று சொல்ல முடியாதாகையால் நோயாளிக்கு அது வேண்டாம். பூஞ்சையோ நிறமாற்றமோ தென்பட்டால், மேலாக வழித்துவிட்டு மீதியைப் பயன்படுத்தாமல் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

கொதிக்கும் மோர்க்குழம்பில் இந்த பாக்டீரியாக்கள் பிழைப்பதில்லை. தயிர்ச்சாதம் பிசையும்போதும் சோறு சற்று ஆறட்டும். இரவில் தயிர் உண்டால் சளி பிடிக்கும் என்ற அச்சமும் பலருக்கு இருக்கிறது. சளிக்குப் பெரும்பாலும் காரணம் வைரஸே.

இனி மருந்து நேரம். தயிரிலுள்ள கால்சியம் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளுடன் பிணைந்து, அவை இரத்தத்தில் சேர்வதைக் குறைத்துவிடுகிறது. மருந்தின் அளவு குறைந்தால் தொற்று முழுமையாகத் தீராது. எனவே இம்மாத்திரையைத் தண்ணீருடன் விழுங்கி, இரண்டு மணி நேரம் கழித்தே தயிர் உண்ணுங்கள். தயிரை முதலில் உண்டுவிட்டால் மாத்திரைக்கு ஆறு மணி நேர இடைவெளி விடுங்கள். டாக்சிசைக்ளினுக்கும் இடைவெளி தேவை. உங்கள் மருந்துச் சீட்டில் உள்ளவற்றுக்கு இது பொருந்துமா என மருந்தகத்தில் கேட்டறியுங்கள்.

கீமோதெரபியால் வெள்ளையணுக்கள் குறைந்தவர்களும், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களும், கழுத்து அல்லது மார்பின் பெரிய இரத்தக்குழாயில் மருந்துக் குழாய் பொருத்தப்பட்டவர்களும் வீட்டுத் தயிர் உண்ணும் முன் தம் மருத்துவரைக் கேட்க வேண்டும். பிறருக்குத் தீங்கு செய்யாத நுண்ணுயிரிகளும் இவர்களுக்கு அரிதாக இரத்தத் தொற்றை உண்டாக்கக்கூடும். புரோபயாடிக் மாத்திரைகளையும் பொடிகளையும் இவர்கள் தாமாக வாங்கி உண்ணவே கூடாது. சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கவலை வேறு: தயிரிலுள்ள பொட்டாசியமும் பாஸ்பரஸும் அன்றாடக் கணக்கில் சேரும். எத்தனை கரண்டி என்பதை உணவியல் நிபுணர் குறித்துத் தருவார்.