திரைத்தெளிவைக் குறைத்தால் மின்சாரம் மிஞ்சுமா?

கைப்பேசி இல்லாத இல்லத்தைக் காண்பது இன்று அரிது. காலையில் வயிறார மின்சாரம் உண்ட அக்கருவி மாலையிலேயே களைத்துக் கண் மூடுவதும் நாம் அறிந்ததே. எங்கள் இல்லத்தில் இருப்பது பழைய கைப்பேசி ஒன்றுதான். சகோதரியர் இருவரும் அதில்தான் பாடங்களைப் பார்க்கிறோம். லாரி ஓட்டும் எங்கள் தந்தை வெளியூரிலிருந்து இரவு 9 மணிக்கு அழைக்கும்போது, பாட்டரி தீர்ந்து அது அணைந்து கிடக்கும்! மறுநாள் காலை வரை அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது.

"ரெசல்யூஷனைக் குறைத்து வையுங்கள், பாட்டரி நிற்கும்" என்றார் மாமா. அக்கா அவ்வாறே செய்தாள். அந்த வாரம் முழுவதும் தந்தையின் அழைப்பு தவறவில்லை. ஆனால் அதே நாளில் மின்சேமிப்பு முறையையும் அவள் இயக்கியிருந்தாள். அது திரையின் ஒளியையும் குறைத்துவிடும். அப்படியானால் உதவியது எது?

ரெசல்யூஷன் எனப்படும் திரைத்தெளிவு, படத்தை எத்தனை புள்ளிகளாகப் பிரித்து வரைவது என்னும் கணக்கே. 2017ஆம் ஆண்டு வெளிவந்த சாம்சங் கேலக்ஸி எஸ்8 கைப்பேசியை எடுத்துக்கொள்வோம். அதன் திரையில் 2960 x 1440 புள்ளிகள், அதாவது 42 இலட்சத்துக்கும் மேல். அமைப்புகளில் இதை 1480 x 720 என மாற்றினால், வரைய வேண்டியவை ஏறக்குறைய 10 இலட்சத்து 65 ஆயிரம் மட்டுமே. நான்கில் ஒரு பங்கு! அப்படியானால் மின்செலவும் நான்கில் ஒரு பங்காக வேண்டாமா?

அதுதான் இல்லை. தையல் வகுப்பில் நாம் போடும் கிராஸ் ஸ்டிட்சை நினைத்துப் பாருங்கள். கட்டத்தாளில் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு, அதன் ஒரு கட்டத்துக்குத் துணியில் நான்கு தையல் வீதம் போட்டால், கட்டங்களை எண்ணும் வேலை குறையும். நூல் குறையுமா? துணி அதே துணிதானே! திரையும் அப்படியே. கண்ணாடிக்குள் உள்ள 42 இலட்சம் புள்ளிகளும் முன்போலவே எரிகின்றன. குறைவது, படத்தைக் கணக்கிட்டு வரையும் சில்லின் வேலை மட்டுமே.

ஆகவே அசையாத பாடப் பக்கத்தைப் படிக்கும்போது மிச்சம் மிகச் சொற்பம். விளையாட்டுகளில் நிலை வேறு. அங்கு வினாடிக்கு 60 முறை படம் புதிதாக வரையப்படலாம். முழுத்தெளிவில் அது வினாடிக்கு 25 கோடிப் புள்ளிகளுக்கும் மேல். குறைந்த தெளிவில் 6 கோடியே 39 இலட்சம். அங்கே பாட்டரிக்கு ஓய்வு கிடைக்கும். (எங்கள் வீட்டில் விளையாட்டுக்குத் தடை!)

மின்சாரத்தை மிகுதியாக உண்பது திரையின் ஒளியே. எல்சிடி திரையில் பின்னாலுள்ள விளக்கு, படம் கறுப்பாயினும் எரிந்துகொண்டே இருக்கும். எஸ்8 போன்ற ஓஎல்இடி திரையிலோ ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால், கறுப்பான இடத்தில் புள்ளிகள் அணைந்துவிடும். கறுப்புப் பின்னணி அதில்தான் பயன் தரும்.

பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்தோம். தெளிவை மட்டும் குறைத்த மூன்று நாட்களும் 9 மணிக்கு முன்பே கைப்பேசி அணைந்தது. ஒளியை மட்டும் பாதியாக்கிய மூன்று நாட்களும் தந்தை பேசி முடிக்கும் வரை தாக்குப்பிடித்தது. தெளிவைக் குறைத்திருந்தபோது உயிரியல் படத்தின் சிறு எழுத்துகள் மங்கியதால், அக்கா அதைப் பழையபடி மாற்றிவிட்டாள். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.