கழன்று விழும் செரமிக் பல்லுறை: குறை பொருளிலா, ஒட்டும் முறையிலா?

எனது கடைவாய்ப் பல்லுக்குப் போட்ட சிர்கோனியா உறை, எட்டே மாதத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கழன்று விழுந்தது. உடையவில்லை, கீறல்கூட இல்லை. தரமற்ற பொருளைப் போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். வேறொரு பல் வைத்தியரிடம் காட்டியபோது அவர் உறையின் உட்பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உறையில் குறையில்லை. ஒட்டும் பசை முழுவதும் பல்லிலேயே இருக்கிறது, உறையின் உள்ளே எதுவுமில்லை. செரமிக் பக்கம்தான் ஒட்டு பிடிக்கவில்லை."

எம்மில் பலர் உறையின் நிறத்தையும் விலையையும் விசாரிக்கிறோம். அது எப்படி ஒட்டப்படும் என்று கேட்பதில்லை.

ஒட்டுக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. ஒன்று பல். 1955இல் அமெரிக்கப் பல் வைத்தியர் மைக்கேல் புவோனோகோர், பொஸ்போரிக் அமிலம் பூசிய எனாமலில் பிசின் நன்றாகப் பிடிப்பதைக் காட்டினார். அமிலம் உண்டாக்கும் நுண்ணிய குழிகளுக்குள் பிசின் இறங்கி இறுகிவிடும். எனாமலுக்கு அடியிலுள்ள டென்டீன் ஈரமானது என்பதால் அங்கு ஒட்டுவது இதைவிடக் கடினம்.

மற்றது செரமிக். இங்குதான் பொருளுக்குப் பொருள் முறை மாறுகிறது. லித்தியம் டைசிலிக்கேட் போன்றவற்றில் கண்ணாடித் தன்மை உண்டு. அதன் உட்பக்கத்தில் ஐதரோபுளோரிக் அமிலத்தைச் சில விநாடிகள் பூசினால் கண்ணாடிப் பகுதி அரிக்கப்பட்டு சொரசொரப்பாகும். பொதுவாக 5 வீத அமிலம், 20 விநாடி. பிறகு பூசப்படும் சைலேன், ஒரு பக்கம் செரமிக்கையும் மறுபக்கம் பிசினையும் பிடித்துக்கொள்ளும்.

சிர்கோனியாவில் கண்ணாடி இல்லை. எனவே இந்த அமில முறை அதற்குப் பயன் தராது. அலுமினியம் ஒட்சைட் நுண்துகள்களைக் குறைந்த அழுத்தத்தில் வீசி உட்பக்கத்தைச் சொரசொரப்பாக்கி, பின்னர் எம்டிபி எனும் சேர்மம் கலந்த பிரைமரைப் பூச வேண்டும்.

இன்னொரு எதிரி எச்சில். உறையைப் போட்டுப் பார்க்கும்போது எச்சிலிலுள்ள பொஸ்பேற்று சிர்கோனியாவில் படிந்துவிடும். தண்ணீரில் கழுவினால் மட்டும் அது போகாது. மீண்டும் துகள் வீசியோ, அதற்கென உள்ள சுத்திகரிப்புப் பசையாலோ அகற்றிய பின்பே ஒட்ட வேண்டும்.

எல்லா உறைகளுக்கும் இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. செதுக்கிய பல் போதிய உயரமாக இருந்தால் அதன் வடிவமே உறையைப் பிடித்துக்கொள்ளும், சாதாரண சீமெந்தே போதும். எனது பல்லோ கட்டையானது. அப்படிப்பட்ட பல்லும், முன்பற்களில் ஒட்டும் மெல்லிய வெனியரும் பெரிதும் ஒட்டையே நம்பியிருக்கின்றன.

ஆகவே சிகிச்சைக்கு முன், "இது எந்த வகைச் செரமிக்? எப்படி ஒட்டப் போகிறீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். அண்மையில் பற்களை வெண்மையாக்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அதன் பின் உடனே ஒட்டினால் பிடிப்புக் குறையும், ஓரிரு வாரம் பொறுக்க வேண்டும். ஒட்டும் நாளில் "சீக்கிரம் முடியுங்கள்" என்று அவசரப்படுத்தாதீர்கள்.

உறை கழன்றால் வீட்டில் சூப்பர் குளூ பூசி ஒட்டாதீர்கள். சுத்தமான சிறு பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு தாமதமின்றி வைத்தியரிடம் செல்லுங்கள். பல் பழுதாகியிருக்காவிட்டால் அதே உறையையே பெரும்பாலும் மீண்டும் பயன்படுத்தலாம். எனக்கும் புதிய உறை தேவைப்படவில்லை. பழையதையே சுத்தம் செய்து முறையாக ஒட்டினார். இன்றுவரை அதில்தான் மெல்லுகிறேன்.