உறவுகள் வரும் கோடையில் உடல்நலம்



பாடசாலைகள் மூடியாயிற்று. இனி இரண்டு மாதங்களுக்கு எங்கள் பார்க் எக்ஸ்ரென்ஷன் வீடுகளில் ஆட்கள் குறையமாட்டார்கள். ஊரிலிருந்து அம்மா அப்பா, இலண்டனிலிருந்து தங்கை குடும்பம், ரொறன்ரோவிலிருந்து மச்சான் குடும்பம் என்று ஒருவர் போக ஒருவர் வருவார்கள். முருகன் கோயிலுக்குப் போகவேண்டும், ஓகாவில் குளிக்கவேண்டும், நயாகராவும் பார்க்கவேண்டும். இதற்கிடையில் ஜூலை 1 வந்துவிட்டால் பாதிப்பேருக்கு வீடு மாறும் வேலை. மாறாதவர்களுக்கு, விருந்தினர் வரமுன் சுவருக்குப் பெயின்ற் அடிக்கும் வேலை.

இவை எல்லாம் சந்தோஷங்கள்தான். ஆனால் என் கிளினிக் அனுபவத்தில், தவிர்த்திருக்கக்கூடிய வருத்தங்கள் அதிகமாக வருவதும் இந்த இரண்டு மாதங்களில்தான். அவற்றுள் ஒன்று எங்கள் குடும்பத்திலேயே நடந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பதினொரு பேர், ஒரு குளியலறை

2018 ஆம் ஆண்டு ஜூலை முதற்கிழமை. அம்மாவுக்கு அப்போது 76 வயது. பார்க் எக்ஸ்ரென்ஷனில் அண்ணன் வீட்டின் மூன்றாம் மாடியில் இருந்தார். இலண்டனிலிருந்து தங்கை குடும்பமும் வந்திருந்ததால் வீட்டில் பதினொரு பேர். அந்த நாட்களில்தான் மொன்றியலில் கடும் வெப்ப அலை. ஜூலை 2 ஆம் திகதி வெப்பநிலை 36.6 பாகையைத் தொட்டது. இரவிலும் வீடு குளிரவில்லை. நானும் அண்ணனும் விறாந்தைக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் காலை அம்மா சோர்ந்து படுத்திருந்தார். கேட்டபோது, "ஒண்டுமில்லை தம்பி, கொஞ்சம் அசதி" என்றார். வைத்தியனான நானும் அதை நம்பி ஏணியில் ஏறிவிட்டேன். பின்னேரம் அவர் தங்கையை, எப்போதோ இறந்துபோன தன் அக்காவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. 911 ஐ அழைத்தோம். வைத்தியசாலையில் பார்த்தபோது உடலில் நீர் வற்றி, சிறுநீரகங்கள் சோர்ந்து, இரத்தத்தில் உப்பின் அளவு குழம்பியிருந்தது. ஐந்து நாட்களுக்குப் பின் வீடு திரும்பினார்.

ஏன் அம்மா தண்ணீர் குடிக்கவில்லை என்று கேட்டேன். "பதினொரு பேருக்கு ஒரு கக்கூஸ். பிள்ளையள் வரிசையில நிக்கேக்க நான் எப்பிடி அடிக்கடி போறது?" என்றார்.

இந்தப் பதில் எந்த மருத்துவப் புத்தகத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. அதற்குப் பிறகு நான் முதியவர்களிடம் கேட்கும் முதற்கேள்விகளில் இதுவும் ஒன்று. பலர் இதே பதிலைத்தான் சொல்கிறார்கள்.

அந்த வெப்ப அலையால் மொன்றியலில் 66 பேர் இறந்ததாக நகரப் பொதுச் சுகாதாரத் துறை பின்னர் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலானோர் தங்கள் வீடுகளிலேயே இறந்தார்கள். மரங்கள் குறைந்து, செங்கல்லும் தாரும் நிறைந்த பகுதிகளில் ஆபத்து கூடுதலாக இருந்தது. எங்கள் பகுதியும் அப்படிப்பட்டதுதான்.

"யாழ்ப்பாணத்து வெயிலைப் பார்க்காதவர்களா நாங்கள்?"

இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கிறேன். பதில் எளிது. வெயிலுக்குப் பழகிய உடலும் அந்தப் பழக்கத்தைச் சில கிழமைகளிலேயே இழந்துவிடும். மீண்டும் பழக ஒன்று முதல் இரண்டு கிழமைகள் வேண்டும். இங்கே வெப்ப அலை அவ்வளவு அவகாசம் தருவதில்லை. ஊர் வீட்டில் உயர்ந்த கூரை, திண்ணை, வேப்பமர நிழல், கிணற்றடிக் குளிப்பு எல்லாம் இருந்தன. இங்கே தட்டையான கூரைக்குக் கீழே மூன்றாம் மாடி. பகலில் சூடேறிய செங்கல் இரவு முழுவதும் அந்தச் சூட்டை உள்ளே விடும். காற்றில் ஈரப்பதன் கூடினால் வியர்வை ஆவியாகாது, உடலும் குளிராது.

வயது போகப் போகத் தாக உணர்வும் குறையும். அதனால் "தாகமில்லை" என்று முதியவர் சொல்வதை நம்பி இருந்துவிடக்கூடாது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் நீர்க் குளிசைகள் உடலிலிருந்து நீரை வெளியேற்றுகின்றன. வேறு சில அழுத்தக் குளிசைகளும் சில நீரிழிவுக் குளிசைகளும், உடல் வற்றியிருக்கும் நேரத்தில் சிறுநீரகத்துக்குச் சுமையாகலாம். அதற்காகக் குளிசையை நீங்களாக நிறுத்தவேண்டாம். வாந்தி, வயிற்றோட்டம், கடும் சோர்வு வந்தால் அன்றே உங்கள் மருந்தாளரிடமோ 811 தாதியிடமோ கேளுங்கள்.

செய்யவேண்டியவை:

முதியவருக்கென்று ஒரு போத்தலை ஒதுக்குங்கள். பொதுவாக நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டுக் கோப்பை நீர் போதும். இதயப் பலவீனமோ சிறுநீரக வருத்தமோ உள்ளவர்கள் அளவைத் தங்கள் வைத்தியரிடம் கேட்கவேண்டும். போத்தலைப் பார்க்கும் பொறுப்பை ஒரு பேரப்பிள்ளையிடம் கொடுங்கள். அவர்கள் கண்டிப்பாகச் செய்வார்கள்.

குளியலறைக்கு முதலுரிமை முதியவருக்கு என்று வீட்டில் எல்லோர் முன்னும் சொல்லிவிடுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்கவேண்டாம்.

பகலில் யன்னல் திரையை மூடுங்கள், இரவில் யன்னலைத் திறவுங்கள். ஏசி இல்லாவிட்டால் நாளுக்கு இரண்டு மூன்று மணித்தியாலங்கள் நூலகம், கடைத்தொகுதி போன்ற குளிர்ந்த இடத்தில் இருக்கட்டும். கடும் வெப்பத்தில் மின்விசிறி மட்டும் போதாது. உடலை நீரால் நனைத்துவிட்டு அதன் முன் இருத்துங்கள்.

கதை தடுமாறுதல், நடை தள்ளாடுதல், உடல் கொதித்தல், மயக்கம் என்பவை ஆபத்தான குறிகள். உடனே 911. அம்புலன்ஸ் வரும்வரை உடலை நனைத்து விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றவேண்டாம்.

விருந்தினரின் பெட்டியில் என்ன இருக்கிறது?

ஊரிலிருந்து வருபவர்களின் பெட்டியில் மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் மட்டுமல்ல, மூன்று மாதத்துக் குளிசைகளும் இருக்கும். இதில் இரண்டு ஆபத்துகள்.

முதலாவது, ஒரே மருந்து அங்கே ஒரு பெயரிலும் இங்கே இன்னொரு பெயரிலும் விற்கப்படுகிறது. ஊரில் கொடுத்ததையும் இங்கே கொடுத்ததையும் சேர்த்து விழுங்கி, சீனி இறங்கி மயங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். வந்த முதற்கிழமையிலேயே எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டு மருந்தாளரிடம் காட்டுங்கள். கோடையில் இலங்கை நேரம் எங்களைவிட ஒன்பதரை மணித்தியாலம் முந்தியது. இன்சுலின் போடுபவர்கள் புறப்படமுன்பே வேளைகளை எப்படி மாற்றுவது என்று கேட்கவேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் இன்சுலினை வைக்கக்கூடாது.

இரண்டாவது, அந்தக் குளிசைகள் பெரும்பாலும் சிறுபிள்ளைகள் திறக்கக்கூடிய கடதாசி உறைகளில் இருக்கும். அம்மம்மாவின் கைப்பை தரையில் கிடந்தால் இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது இனிப்புப் பை. நீரிழிவு, அழுத்தக் குளிசைகளில் ஒன்றிரண்டே ஒரு குழந்தைக்கு ஆபத்தாகலாம். உயரத்தில் பூட்டி வையுங்கள்.

காப்புறுதி பற்றியும் ஒரு வார்த்தை. பார்வையாளராக வருபவர்களுக்குக் கியூபெக் சுகாதார அட்டை இல்லை. 2011 டிசம்பரில் தொடங்கிய சுப்பர் விசாவில் வரும் பெற்றோருக்குக் குறைந்தது 100,000 டொலர் மருத்துவக் காப்புறுதி கட்டாயம். சாதாரண விசாவில் வருபவர்களுக்கு அப்படிக் கட்டாயமில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே உள்ள வருத்தங்களை அந்தக் காப்புறுதி ஏற்குமா என்பதைக் கையொப்பமிடமுன் வாசியுங்கள். நீரிழிவை மறைத்து எடுத்த காப்புறுதி, தேவைப்படும் நாளில் உதவாது. ரொறன்ரோவிலிருந்து வருபவர்களும் கவனிக்கவேண்டும். ஒன்ராறியோ அட்டை இங்கே வைத்தியசாலைச் செலவை ஏற்கும். ஆனால் வைத்தியருக்குரிய கட்டணத்தைப் பல இடங்களில் முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பின்னர் ஒன்ராறியோவிடம் கோரவேண்டியிருக்கும். பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள்.

சோற்றுப் பார்சலும் தண்ணீரும் உண்ணியும்

கடற்கரைக்கோ பூங்காவுக்கோ போகும்போது விடியற்காலையில் சமைத்த சோற்றையும் இறைச்சிக் கறியையும் காரில் ஏற்றி, பின்னேரம் இரண்டு மணிக்குத் திறப்பது எங்கள் வழக்கம். 4 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அந்தச் சூட்டில் சாப்பாடு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. கடும் வெயில் நாளில் ஒரு மணித்தியாலம்தான். சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. எனவே முதல் நாளே சமைத்து, தட்டையான பாத்திரங்களில் பரப்பி ஆறவிட்டு, பிரிட்ஜில் குளிரவைத்து, ஐஸ் பெட்டியில் கொண்டுபோங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் முதியவர்களும் இருக்கும் குடும்பத்தில் இது மிக முக்கியம்.

தண்ணீரில் மூழ்கும் பிள்ளை சினிமாவில்போல் கத்தாது. சத்தமில்லாமல் கீழே போய்விடும். நீந்தத் தெரியாத பிள்ளையிலிருந்து கையெட்டும் தூரத்துக்கு மேல் விலகாதீர்கள். "எல்லோரும் பார்க்கிறோம்" என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்றே பொருள். இருபது நிமிடத்துக்கு ஒருவர் என்று முறைவைத்து, கைத்தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டுப் பாருங்கள்.

தென் கியூபெக்கின் காடுகளிலும் உயர்ந்த புற்களிலும் லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் இருக்கின்றன. வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்பு, தலைமுடி ஆகியவற்றைப் பாருங்கள். உண்ணி இருந்தால் நுனி கூரிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் பூசுவதும் நெருப்புக் காட்டுவதும் வேண்டாம். கடித்து 72 மணித்தியாலத்துக்குள் மருந்தாளரிடம் போனால், தேவைப்படுபவர்களுக்கு ஒரே வேளைத் தடுப்பு மருந்து கொடுக்கப்படலாம். பின்வரும் நாட்களில் தோலில் சிவப்பு வட்டம் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஏணியும் பிரிட்ஜும் ஐம்பது வயது ஆண்களும்

இது என்னைப்போன்றவர்களுக்கு. வருடம் முழுவதும் கதிரையில் இருந்துவிட்டு ஜூலை 1 இல் மூன்றாம் மாடியிலிருந்து வளைந்த படிகளில் பிரிட்ஜ் இறக்குகிறோம். தென்னாசியர்களான எங்களுக்கு இதய வருத்தம் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகிறது. பாரம் தூக்கும்போது நெஞ்சு இறுக்கம், தாடையிலோ இடக்கையிலோ நோ, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் "வாய்வு" என்று இஞ்சித் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு நோவே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். 911 ஐ அழையுங்கள். மச்சானின் காரில் போகவேண்டாம்.

ஏணியில் ஏறினால் கீழே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். 1960 க்கு முன் கட்டிய வீடுகளின் பழைய பெயின்ற்றில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் பகுதியில் அப்படிப்பட்ட கட்டடங்கள் பல உள்ளன. அதை உலர்வாகச் சுரண்டினால் அந்தத் தூசு சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நனைத்துச் சுரண்டுங்கள், முகமூடி அணியுங்கள், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டில் விடுங்கள். குளியலறை கழுவும்போது பிளீச்சோடு வேறெந்தத் திரவத்தையும் கலக்கவேண்டாம். அமோனியாவோடோ அமிலத்தோடோ சேர்ந்தால் நுரையீரலைத் தாக்கும் வாயு கிளம்பும்.

குசினியில் நிற்பவர்

கடைசியாக ஒன்று. பதினொரு பேருக்கு மூன்று வேளை சமைத்த என் அண்ணியும் அந்தக் கிழமையில் இரண்டு தரம் தலைசுற்றி இருந்திருக்கிறார். அம்மா வைத்தியசாலையால் வந்த பிறகுதான் அதைச் சொன்னார். வெப்ப அலையில் வீட்டிலேயே சூடான இடம் குசினி. அங்கே நிற்பவர் யார் என்று நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை.

வெப்ப நாட்களில் இடியப்பத்தைக் கடையில் வாங்குங்கள். ஒரு வேளை பாணும் பருப்பும் போதும். விருந்தினர் வந்தால் அவர்களும் கோப்பை கழுவட்டும். உறவுகள் சாப்பாட்டுக்காக வரவில்லை, எங்களைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்க:

உயிராபத்து: 911.
தாதியின் ஆலோசனை, இரவு பகல் இலவசமாக: 811.
பிள்ளை மருந்தையோ நஞ்சையோ விழுங்கினால் கியூபெக் நச்சு நிலையம்: 1-800-463-5060.

இன்று இரவு, உங்கள் வீட்டு முதியவரிடம் "தண்ணீர் குடித்தீங்களா?" என்று மட்டும் கேட்காமல், ஒரு கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள். அவர் குடித்து முடிக்கும்வரை கதைத்துக்கொண்டிருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.