மலைத்தோட்டத்துப் பற்கள் – 8: பின்வரிசையில் ஒரு மாற்றுப் பல்

ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல்லைப் பற்றிச் சென்ற வாரம் பேசினோம். அதற்குப் பின்னால் வரவேண்டிய இரண்டாவது கடைவாய்ப் பல் 11 வயதிலிருந்து 13 வயதுக்குள் ஈறுக்கு வெளியே வந்துவிட வேண்டும். கேமரன் மலைத் தோட்டப் பிள்ளைகளுக்கு அது பெரிய மாற்றம் நடக்கும் வயது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துவிட்டு, தானா ராத்தாவுக்கோ ரிங்லெட்டுக்கோ பஸ் ஏறி இடைநிலைப்பள்ளிக்குப் போகத் தொடங்கும் நேரம். புதுச் சீருடை, புதுப் புத்தகம் என்று வீடே அலைந்துகொண்டிருக்கும்போது, ஒரு பல் வராமல் நின்றுபோனதை யார் பார்ப்பார்கள்? சொத்தைப் பல் வலித்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். புதைந்த பல் பெரும்பாலும் வலிப்பதே இல்லை.

கீழ்த்தாடையில்தான் இது அதிகம். நேராக எழவேண்டிய பல் முன்பக்கமாகச் சாய்ந்து, முதல் கடைவாய்ப் பல்லின் புடைப்புக்குக் கீழே மாட்டிக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே சோறும் பிஸ்கட்டும் தங்கும், பிரஷ் எட்டாது. சில வருடம் கழித்து வலி தொடங்கி டாக்டரிடம் போனால், புதைந்த பல்லோடு அதன் முன்னால் நிற்கும் நல்ல பல்லும் பின்பக்கமாய் அரித்திருக்கும்.

சீக்கிரம் கண்டுபிடித்தால் வழி பல உண்டு. இரண்டு பற்களுக்கும் இடையே கம்பியோ ரப்பர் வளையமோ நுழைத்து விலக்கலாம். கிளிப் போட்டு, ஸ்பிரிங் வைத்து நிமிர்த்தலாம். தாடை எலும்பில் சிறு திருகாணி பதித்து அதைப் பிடிமானமாகக் கொண்டு இழுக்கலாம். பல்லை வெளியே எடுக்காமலே அறுவைச் சிகிச்சையில் நிமிர்த்தி வைப்பதும் உண்டு. இவை எதற்கும் இடம் கொடுக்காத அளவுக்குப் பல் ஆழத்தில் படுத்துக் கிடந்தால், அல்லது காப்பாற்ற முடியாதபடி கெட்டுப்போயிருந்தால், அப்போதுதான் இந்த வார விஷயத்துக்கு வருகிறோம்: பல் மாற்று நடவு. புதைந்த பல்லையே எடுத்துச் சரியான இடத்தில் நிமிர்த்தி நடலாம். அதை நீக்கிவிட்டு, அதே ஆளின் ஞானப்பல்லை அந்த இடத்தில் நடவும் முடியும்.

அதே ஆளின் பல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் ஏழைகளின் பல்லைக் காசு கொடுத்துப் பிடுங்கிப் பணக்காரர் வாயில் பொருத்தினார்கள். ஜான் ஹன்டர் என்ற பெயர்பெற்ற அறுவை மருத்துவர் மனிதப் பல் ஒன்றைச் சேவலின் கொண்டையில் நட்டுப் பரிசோதித்தவர். ஏழைகளின் பல்லை வாங்கிப் பொருத்தும் பழக்கத்துக்கு அவருடைய ஆதரவும் இருந்தது. 1787-இல் தாமஸ் ரோலண்ட்சன் வரைந்த கேலிச்சித்திரத்தில், பணக்காரச் சீமாட்டிக்காகப் புகைபோக்கி துடைக்கும் சிறுவனின் பல்லைப் பிடுங்குகிறார்கள். கூலிக்காரப் பிள்ளையின் உடம்பு எவ்வளவு மலிவாக எண்ணப்பட்டது என்பதற்கு அந்தப் படம் ஒன்றே போதும். இன்றைய சிகிச்சையில் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவரே. அதனால் பிறர் பல்லோடு வரும் நோயும் இல்லை, உடல் அதை அந்நியம் என்று எதிர்ப்பதும் இல்லை.

நவீன முறை 1950-களில் வேர்பிடித்தது. சொத்தையால் இழந்த முதல் கடைவாய்ப் பல்லின் குழியில் ஞானப்பல்லை நட்டதைப் பற்றி 1950-இல் அமெரிக்காவில் கட்டுரைகள் வந்தன. ஆனாலும் பல நடவுகள் ஏன் சில வருடத்தில் கரைந்து விழுகின்றன என்பது புரியப் பின்னும் காலம் ஆனது. விடை பல்லில் இல்லை, வேரைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் இருந்தது. ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் தடிமன்தான், அதற்குள்ளே உயிரணுக்கள். நாற்றங்காலிலிருந்து தேயிலைக் கன்றை எடுக்கும்போது வேரைச் சுற்றிய மண் உதிராமல் எடுத்து நடுவது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பல்லுக்கு அந்தச் சவ்வுதான் மண். அது கிழிந்தாலோ காய்ந்தாலோ, எலும்பு நேராக வேரில் ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக வேரைத் தின்று அந்த இடத்தைத் தானே நிரப்பிவிடும்.

இதை ஆராய்ந்து நிறுவியவர்களில் முக்கியமானவர் கோப்பன்ஹேகனின் ஆண்ட்ரியாசன். இடம் மாற்றி நட்ட 370 முன்கடைவாய்ப் பற்களைப் பின்தொடர்ந்து அவருடைய குழு 1990-இல் முடிவுகளை வெளியிட்டது. வேர் வளர்ந்து முடியாத பற்களில் 100-க்கு 96-இல் உள்ளிருக்கும் நரம்பும் இரத்த ஓட்டமும் மீண்டன. வேர் முழுதாய் மூடிய பற்களில் அது 15 மட்டுமே. அப்படிப்பட்ட பல்லையும் வேர் சிகிச்சை செய்து காப்பாற்றலாம், வேலையும் செலவும் கூடும். நார்வேயின் ஆஸ்லோவில் நடப்பட்ட 33 பற்களை 17 முதல் 41 வருடங்களுக்குப் பிறகு பார்த்த ஆய்வு 2002-இல் வந்தது. பத்தில் ஒன்பது பற்கள் அப்போதும் வாயிலேயே இருந்தன. ஒரு பல் நாற்பது வருடம் உழைத்தால் அதற்கு மேல் என்ன கேட்பது!

ஆக, எல்லாம் நேரத்தைப் பொறுத்தது. நடப்போகும் பல்லின் வேர் பாதிக்கு மேல், முக்கால் அளவு வளர்ந்திருக்கும்போது நடுவதே மிகச் சிறந்தது. ஞானப்பல்லுக்கு அந்தக் கட்டம் பெரும்பாலும் 16 முதல் 19 வயதுக்குள் வரும். எக்ஸ்ரே இல்லாமல் அதைத் தெரிந்துகொள்ள முடியாது.

சிகிச்சை, கேட்பதற்குப் பயமாகத் தோன்றும் அளவுக்குக் கடினமானது அல்ல. மரத்துப்போகும் ஊசி போட்டு, புதுக் குழியை முதலில் தயார் செய்வார்கள். முன்பெல்லாம் பல்லையே திரும்பத் திரும்பக் குழியில் வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது, ஒவ்வொரு முறையும் சவ்வு அடிபட்டது. இப்போது முப்பரிமாண ஸ்கேன் எடுத்து, அந்தப் பல்லின் நகலை அச்சிட்டு, நகலை வைத்தே குழியின் அளவைச் சரிபார்க்கிறார்கள். உண்மையான பல் வெளியே இருப்பது சில நிமிடங்கள்தான். நட்ட பிறகு தையலாலோ மெல்லிய கம்பியாலோ ஒன்றிரண்டு வாரம் பிடித்து வைப்பார்கள். அசையவே விடாமல் இறுக்கிக் கட்டக் கூடாது. மெல்லிய அசைவு இருந்தால்தான் சவ்வு நன்றாகப் பிடிக்கும்.

இம்பிளான்ட் வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வளரும் பிள்ளைக்கு அது சரிவராது. தாடை வளர வளர மற்றப் பற்கள் உயரும், உலோகத் திருகு அதே இடத்தில் நின்று தாழ்ந்து போகும். நட்ட சொந்தப் பல்லோ தாடையோடு சேர்ந்து வளரும், கிளிப் போட்டால் நகர்ந்தும் கொடுக்கும். பல் வரிசையைச் சீர்செய்யும் நிபுணர்கள் இந்தச் சிகிச்சையை விரும்புவதற்குக் காரணம் இதுவே.

இதில் தோட்டக் குடும்பத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்பிரிங் போட்டு நிமிர்த்துவது மாதக்கணக்கில் நடக்கும் வேலை. ஒவ்வொரு மாதமும் நிபுணரைப் பார்க்க மலையிறங்க வேண்டுமென்றால், தாப்பாவுக்கு இறங்கும் சாலை வளைவுகளில் வாந்தியெடுத்துக்கொண்டு போகும் பிள்ளை, கூடவே கொழுந்து நிறுத்துச் சம்பளம் வாங்கும் அம்மாவின் ஒரு நாள் கூலி. மாற்று நடவிலும் பின்பார்வைகள் உண்டு. முதல் வருடத்தில் பல முறை, பிறகு வருடத்துக்கு ஒரு முறை. இருந்தாலும் நிமிர்த்தும் வேலை ஒரே அமர்வில் முடிகிறது. அப்படிக் கணக்குப் பார்க்க முடியாத குடும்பம், "வலிக்குதா, பிடுங்கிடு" என்று சொல்வதை நான் அறியாமை என்று சொல்ல மாட்டேன். நாள் சம்பளம் அப்படிச் சொல்ல வைக்கிறது.

நம் மலேசியாவில் நல்லதொரு ஏற்பாடு இருக்கிறது. 1949-இல் பினாங்கில், நியூசிலாந்து முறையில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கே பயின்று வந்தவர்கள் பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்தார்கள். நாற்காலியையும் கருவிகளையும் தூக்கிக்கொண்டு தோட்டப் பள்ளிகளுக்கு வரும் நடமாடும் குழு அந்த மரபின் தொடர்ச்சி. புதைந்த பல்லை முதலில் சந்தேகிக்க வேண்டிய கண் அவர்களுடையது. ஒரு பக்கம் இரண்டாம் கடைவாய்ப் பல் வந்து, மறுபக்கம் ஆறு மாதம் கடந்தும் வரவில்லையென்றால் எக்ஸ்ரே கேட்க வேண்டும். ஆறாம் ஆண்டில் பார்த்தவர் குறித்து வைத்தது இடைநிலைப்பள்ளியில் பார்ப்பவரின் கைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பெற்றோரும் கேட்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். 16, 17 வயதுப் பிள்ளைக்கு முதல் கடைவாய்ப் பல்லோ இரண்டாம் கடைவாய்ப் பல்லோ போய்விட்டதென்றால், அல்லது போகும் நிலையில் இருந்தால், ஞானப்பல்லைப் பிடுங்கச் சம்மதிக்கும் முன் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இதன் வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது, இதை முன்னால் நட முடியுமா, முடியுமென்றால் எந்த மருத்துவமனைக்குக் கடிதம் தருவீர்கள். எல்லாருக்கும் இது பொருந்தாது. வேர்கள் வளைந்து பின்னியிருந்தால், பல் குழிக்குப் பெரிதாக இருந்தால், ஈறு நோய் இருந்தால், புகைபிடிக்கும் பழக்கம் இருந்தால், மருத்துவர் வேண்டாம் என்றே சொல்லலாம். அப்படிச் சொன்னால் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்த வாரம்: திடலில் விழுந்து முன்பல் முழுதாய்க் கழன்று வந்துவிட்டால், முதல் அரை மணி நேரத்தில் செய்ய வேண்டியவை.