பழங் கைத்துப்பாக்கி கூறும் வரலாறு

முன்னோர் வைத்துச் சென்ற ஏட்டுச் சுவடிகளையும் செப்பேடுகளையும் ஆராய்வோர் நம்மிடையே பலர் உளர். ஆயின் பெட்டகத்தின் அடியில் துருவேறிக் கிடக்கும் கைத்துப்பாக்கியை ஆராய்வோர் மிகச் சிலரே. வீட்டார் அதனை எடுத்துக் காட்டி, “எம் பாட்டனாரின் பாட்டனார் சீரங்கப்பட்டணத்துப் போரில் ஏந்தியது” என்பது போன்றதொரு கதையைக் கூறி, மீண்டும் மூடிவைத்து விடுவர். கதை கேட்பதற்கு இனியதே. எனினும் அதன் உண்மையைத் தேர்தற்குரிய சான்றுகள் அப்படைக்கலத்தின் மேனியிலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைப் படிக்கும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதற்கண் ஓர் எச்சரிக்கை. வாய்வழியாகக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கிகளுட் சில, கெட்டித்தபடியே தலைமுறை பல கடந்து வந்திருப்பதுண்டு. வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த கருமருந்து, ஈரம் புகாதிருப்பின், நூறாண்டு கழிந்தும் தன் ஆற்றலை இழப்பதன்று. ஆதலின் கையிலெடுத்த துப்பாக்கி கெட்டித்திருக்கின்றது என்றே எப்பொழுதும் கொள்ளல் வேண்டும். அதன் வாயை எவர் பக்கமும் திருப்புதலும், குதிரையை இழுத்துப் பார்த்தலும் ஆகா. துப்பாக்கி வேலை அறிந்தவர், மரக்கோலைக் குழலினுள் விட்டு உள்ளாழத்தை அளந்து, வெளிப்புறத்து நீளத்தோடு ஒப்பிடுவர். கோல் பற்றுவாய் வரையில் எட்டாது நிற்குமாயின், உள்ளே மருந்தும் குண்டும் இருத்தல் கூடும். அதனை வெளிப்படுத்துதல் அவர்க்கே உரிய பணி.

இனி, காலத்தை அறியும் வழிகளைக் காண்போம். தீப்பற்றும் முறை இவற்றுள் முதலாவது. குதிரையின் வாயிற் கவ்விய சக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் மோதிப் பொறி எழுப்பும் அமைப்பு, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரான்சு தேசத்தில் உருவாயிற்று. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஐரோப்பியப் படைகளில் நிலவிற்று. அதனை மாற்றுதற்கு வழிகண்டவர் ஒரு போதகர் என்பது பலர்க்கு வியப்பாகும். ஸ்காட்லாந்திலுள்ள பெல்ஹெல்வி என்னும் ஊரின் போதகராகிய கனம் அலெக்சாந்தர் ஜான் போர்சைத் ஐயர் பறவை வேட்டையில் விருப்புடையவர். கிண்ணத்து மருந்து மின்னிய ஒளியைக் கண்டு, குண்டு வருமுன் பறவைகள் பறந்து விடுதலை நோக்கி, அடிபட்ட அளவிலே தீப்பற்றும் மருந்தைப் பயன்படுத்தும் முறையொன்றை வகுத்து, 1807-ஆம் ஆண்டில் அதற்கு உரிமைப் பட்டயம் பெற்றார். அம்மருந்தைச் சிறு செப்புத் தொப்பியில் அடைத்துவைக்கும் வழக்கம் அதன் பின்னரே பரவிற்று. ஆகவே கேப்பு வைத்தற்குரிய முளையுடைய துப்பாக்கி, 1807-க்கு முற்பட்டதாயின், பிற்காலத்தில் மாற்றியமைக்கப்பட்டதே ஆகும். கல்லும் கிண்ணமும் இருந்த இடத்தில் துளைகள் அடைக்கப்பட்டிருத்தல் அம்மாற்றத்தைக் காட்டும்.

இரண்டாவது வழி முத்திரைகள். இங்கிலாந்தில் குழலின் உறுதியைச் சோதிக்க, வழக்கத்தினும் மிகுந்த மருந்திட்டுச் சுட்டுப் பார்ப்பர். வெடியாது நின்ற குழலுக்கே முத்திரை இடுவர். இலண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637-இல் அரச பட்டயம் பெற்றது. முடியின்கீழ் எழுதிய ‘ஜி.பி.’, ‘வி’ என்னும் எழுத்துக்கள் அதன் அடையாளங்கள். பர்மிங்காம் நகரத்துச் சோதனைச்சாலை 1813-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. முடியோடு கூடிய, குறுக்காக வைத்த இரு செங்கோல்கள் அதன் பழைய குறி. முத்திரைகளின் அருகே ‘54’ போன்ற எண் இருப்பின் அதனை ஆண்டெனக் கருதலாகாது. அக்குழலுக்கு ஏற்ற ஈயக் குண்டுகள் ஐம்பத்து நான்கு சேர்ந்தால் ஓர் இராத்தல் எடையாகும் என்பதே அதன் பொருள்.

கிழக்கிந்தியக் கும்பினியின் படைக்கலங்களுக்குத் தனிக்குறி உண்டு. தொடக்கத்தில் நான்கு கூறாக்கிய இதய வடிவினுள் கும்பினியின் பெயரெழுத்துக்களைப் பொறித்தனர். 1808 முதல், பின்கால்களில் நின்று முடியை ஏந்திய சிங்கத்தைப் பொறித்தனர். இனி, முன்னர்க் கூறிய கதையை ஆராய்வோம். சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது 1799-இல். துப்பாக்கியின் விசைத்தகட்டிற் சிங்கம் நிற்குமாயின், அத்தகடு அப்போரைக் கண்டதன்று. ஆயினும் உடனே கதை முழுதும் பொய்யென்று துணிதலும் தகாது. பழுதுற்ற தகட்டை நீக்கிப் புதியது பொருத்தியிருத்தல் கூடும். குழல், தகடு, கட்டை ஆகிய மூன்றும் ஒரே காலத்தனவா என நோக்குதல் வேண்டும். மறுபுறம், இதயக்குறி இருந்தாலும் கதை மெய்யென்று நிலைநாட்டப்படுவதில்லை; கதைக்குத் தடையில்லை என்பதே பெறப்படும். மறுக்கும் சான்று வேறு, நிறுவும் சான்று வேறு.

இச்சான்றுகளை அழிப்பவர் பெரும்பாலும் உடையவரே. பளபளப்பை விரும்பி உப்புத்தாளால் தேய்ப்பின், துருவோடு முத்திரையும் போய்விடும். மெல்லிய துணியில் சிறிது எண்ணெய் தோய்த்துத் துடைத்தலே போதும்.

சட்டத்தையும் மறத்தல் கூடாது. 1878-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் இடத்தில் இப்பொழுது 1959-ஆம் ஆண்டுச் சட்டம் நடைபெறுகின்றது. பழுதுபார்த்தும் சுட இயலாத பழம்பொருளுக்கு அதில் விலக்கு உண்டு. எனினும் தம்மிடமுள்ளது அவ்வகையினதா என்பதை உடையவர் தாமே முடிவு செய்யாது, அதிகாரிகளிடம் அறிவித்துத் தெளிதலே முறை.

இறுதியாக, வீட்டிலுள்ள மூத்தோர் கூறும் கதையை, கூறியவர் பெயரோடும் நாளோடும் எழுதி, முத்திரைகளின் படத்தையும் அதனோடு சேர்த்து வைத்தல் நன்று. முத்திரை ஒரு பொருளின் காலத்தைக் கூறும். அதை ஏந்திய மனிதர் இன்னார் என்று கூறாது. அதனைக் கூறவல்ல மூத்தோர் நெடுநாள் நம்மோடு இருப்பவரல்லர். வீண்பெருமையின் பொருட்டன்றி உண்மையின் பொருட்டு அவர்களை இன்றே வினவுதல், முன்னோர்க்கு நாம் செலுத்தும் கடன்.